கடைசி அறைக்குப் படம் வந்து சேரும் நேரம்

பிப்ரவரி 4

அப்பாவுக்கு,

இனிமேல் போன் வேண்டாம் என்று முடிவு செய்துதான் இதை எழுதுகிறேன். போன தடவை நடந்தது உங்களுக்கே தெரியும். நான் ஒன்று கேட்டேன். உங்கள் பக்கம் சத்தமே இல்லை. பதில் சொல்ல மனசில்லை போல என்று நான் அடுத்ததை ஆரம்பிக்க, அப்போது பார்த்து உங்கள் பதில் வந்து மோதியது. "நீ பேசு", "இல்ல, நீங்க பேசுங்க", "அதான் பேசிக்கிட்டிருக்கேனே" என்று ஆளுக்கு ஆள் கத்தி, கடைசியில் "நீயே பேசி நீயே கேட்டுக்கோ" என்று வைத்துவிட்டீர்கள். இவ்வளவு தூரத்தில் குரல் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும் அப்பா. யார் மேலும் தப்பில்லை. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர்.

உங்களுக்கு இதை நூலக அம்மா வாசித்துக் காட்டுவார் என்று தெரியும். அம்மா, வணக்கம். உங்களை நடுவில் நிறுத்துவதற்கு மன்னியுங்கள்.

விஷயம் இதுதான். தலைமை ஆசிரியை எனக்கு எழுதியிருக்கிறார். ஏப்ரல் விழாவில் வகுப்பறையில் இருக்கிற பிள்ளைகள் மேடையில் இருப்பவரிடம் கேள்வி கேட்க வேண்டுமாம், அவர் அங்கிருந்தே உடனே பதில் சொல்ல வேண்டுமாம். இப்போது இருக்கிற அமைப்பில் அது நடக்காது. அரங்கத்தில் எடுக்கிற படம் வகுப்பறைத் தொலைக்காட்சிகளுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேருகிறது. அதைச் சரிசெய்யப் புதிய பெட்டிகள் இரண்டை அனுப்பிவைத்தேன். பிரிக்காமலே உங்கள் கட்டிலுக்கடியில் கிடக்கின்றனவாம். கணினி அறைச் சாவி தொலைந்துவிட்டது என்று சொன்னீர்களாம்.

சாவி. உங்களிடம். தொலைந்துவிட்டது.

பள்ளிக் கதவையெல்லாம் பூட்டித் திறக்கிற உங்களைப் பிள்ளைகள் சாவித் தாத்தா என்றுதானே கூப்பிடுகிறார்கள்? இருட்டில் கொத்தைத் தடவிப் பார்த்தே இது சமையலறை, இது நூலகம் என்று சொல்கிற ஆள் நீங்கள். இதை யார் நம்புவார்கள்?

இன்னொன்றும் எழுதியிருந்தார். காலைக் கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகும் கடைசி அறையில் தொலைக்காட்சி முன்னால் நின்று நீங்கள் ஏதோ பேசுகிறீர்களாம். பிள்ளைகள் பயப்படுகிறார்களாம்.

போனில் நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்கிறேன். அன்றைக்கு என் அம்மா கடைசியாக என்ன சொன்னார்?

மகள்


பிப்ரவரி 19

மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல நூலக அம்மா எழுதுவது.

உன் கடிதத்தை இந்த நூலக அம்மா இரண்டு தடவை வாசித்தார். பாடம் நடத்துகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். நீ கோபமாக எழுதிய இடம்கூட அவர் வாயில் மரியாதையாக வந்தது. நான் சொல்வதை அப்படியே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். "அப்படியே எழுதினா பிழையா இருக்குமே" என்றார். "என் மக பிழையைப் பாக்க மாட்டா, என்னையத்தான் பாப்பா" என்றேன். இருந்தாலும் அங்கங்கே திருத்துகிறார். பேனாவை எடுக்கிற எடுப்பிலேயே எனக்குத் தெரிகிறது.

சாவி தொலைந்தது என்று நான் சொல்லவில்லை. "தேடணும்" என்றேன். இரண்டும் வேறு வேறு.

நீ அனுப்பிய பெட்டிகள் பத்திரமாக இருக்கின்றன. இப்போது எதற்கு அவை? படம் நன்றாகத்தானே ஓடுகிறது? நீ முதன்முதலில் ஒயர் இழுத்த காலத்தில் எப்படி இருந்தது என்று எனக்கு மறக்கவில்லை. மழை பெய்தால் நிற்கும், பெய்யாவிட்டாலும் நிற்கும். கடைசி அறைக்கு ஒயர் போகாமல் காற்றிலே அனுப்பினாய். தலைமையம்மா பேச வாயைத் திறந்தால் அப்படியே கல்லாய் நிற்பார், பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். பிறகு நீ கூரைக்குள் புகுந்து ஒயர் இழுத்தாய். உன் அம்மா கீழே நின்று டார்ச் அடித்தாள். பச்சைக் கைப்பிடி போட்ட டார்ச், மூடி விரிசல் விட்டது. "பொண்ணு பாக்க வர்றவங்க இந்தக் கோலத்தைப் பாத்தா எலின்னு நெனச்சு ஓடிருவாங்கடி ஒயர்க்காரி" என்றாள். நீ மேலிருந்து தும்மினாய். அவ்வளவு தூசியும் அவள் தலையில்தான் கொட்டியது. அன்றைக்குச் சிரித்தது போல அவள் பிறகு சிரிக்கவில்லை.

தாமதம் தாமதம் என்கிறாய். ஆமாம், இருக்கிறது. அரங்கத்தில் கைதட்டி ஓய்ந்த பிறகு வகுப்பறைகளில் கைதட்டல் கேட்கும். மைதானத்தில் நின்றால் ஒரே கைதட்டல் இரண்டு தடவை, முதலில் கிழக்கிலிருந்து, அப்புறம் மேற்கிலிருந்து. நடுவில் ஒரு செம்பு தண்ணீரை நிதானமாகக் குடிக்கிற நேரம். அந்த நேரத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

பெரியவர்கள் எல்லாம் அரங்கத்தை விட்டுப் போன பிறகும் கடைசி அறைப் படத்தில் அவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் அறையைப் பூட்டுவேன். அதற்கு ஒரு பேச்சா? பிள்ளைகள் பயப்படவில்லை. ஒரே ஒரு பெண் பிள்ளை அழுதது. அதற்கு வயிற்றுவலி.

உன் அம்மா காரியம் எல்லாம் முடிந்த கையோடு துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள் நீ. போகட்டும், வேலை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: எனக்கு ஞாபகம் இல்லை.

பெருவிரல் வைத்திருக்கிறேன். மை கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

அப்பா


மார்ச் 3

அப்பாவுக்கு,

டார்ச்சின் கைப்பிடி என்ன நிறம் என்று ஞாபகம் இருக்கிறது. மூடியில் விரிசல் ஞாபகம் இருக்கிறது. அம்மா கடைசியாகச் சொன்னது மட்டும் ஞாபகம் இல்லை.

சரி, என் பக்கத்தில் நடந்ததை நான் சொல்கிறேன். இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

அன்றைக்கு அம்மாவுக்குப் பணி ஓய்வு விழா. ஒரு ஆயாவுக்கு மேடை போட்டு விழா எடுப்பது அந்தப் பள்ளியில் அதுதான் முதல் தடவை. அரங்கத்தில் பாதிப் பிள்ளைகளுக்குத்தான் இடம், மீதிப் பேர் வகுப்பறையில் படம் பார்க்க வேண்டும். எந்த அறையிலும் படம் திக்கக் கூடாது என்பது மட்டும்தான் என் மண்டையில் ஓடியது. அதனால்தான் உங்களை முன் வரிசையிலிருந்து எழுப்பி, "அப்பா, ஒவ்வொரு அறையா போய்ப் படம் வருதான்னு பாத்துட்டு வாங்க" என்று அனுப்பினேன். நீங்கள் புதுச்சட்டை போட்டிருந்தீர்கள். அம்மா மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அரங்க ஒலிபெருக்கிக்கு நின்ற மைக். வகுப்பறைகளுக்குப் போவது அம்மாவின் தோளில் நான் குத்திவிட்ட சின்ன மைக். அம்மா பேசி முடித்து, நின்ற மைக்கை விட்டுப் பூங்கொத்தோடு தள்ளி வந்தார். அந்த நேரம் நான் மேசைக்கடியில் குனிந்து ஒரு ஒயரை அழுத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தேன். அம்மா கேமராவைப் பார்த்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது. காதில் மாட்டுகிற கருவி என் கழுத்தில் தொங்கியது. அரங்கத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அப்புறம் அம்மா விழுந்தார்.

நான் மேடைக்கு ஓடினேன். எல்லாரும் கத்தினார்கள். யாரோ "பிள்ளைங்க படம் பாக்குதே" என்றார்கள். திரும்பி ஓடிவந்தேன். என் மேசையில் ஒரு சின்னத் திரை உண்டு, வகுப்பறைகளில் இந்த நொடி என்ன தெரிகிறதோ அதைக் காட்டுவது. அதில் அம்மா நின்றுகொண்டிருந்தார் அப்பா. எனக்குப் பின்னால் மேடையில் கிடக்கிறார், எனக்கு முன்னால் பூங்கொத்தோடு நிற்கிறார். வாயைத் திறந்தார். எல்லா அறைப் பெட்டிகளையும் ஒரே சமயத்தில் அணைக்கிற பொத்தானை அழுத்தினேன். அம்மா விழுவதைப் பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதே என்று.

அணைத்தது அந்த வார்த்தைகளுக்கு முன்னாலா பின்னாலா என்று எனக்குத் தெரியாது. பதிவும் இல்லை. பதிவும் சேர்ந்து ஓடினால் படம் திக்கும் என்று நிறுத்தி வைத்திருந்தேன். டீச்சர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். அலறல் கேட்டதும் எல்லா அறையிலும் எல்லாரும் சன்னல் பக்கம் ஓடிவிட்டார்களாம். படத்தை யாரும் பார்க்கவில்லை.

நீங்கள் பார்த்தீர்கள். கடைசி அறையில் நீங்கள் மட்டும் நகராமல் நின்றீர்கள் என்று அந்த டீச்சர் சொன்னார்.

என்ன சொன்னார் அப்பா?

மகள்


மார்ச் 17

மகளுக்கு,

நூலக அம்மா உன் கடிதத்தை ஒரு தடவைதான் வாசித்தார். நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூசி என்றார். நூலகத்தில் தூசிக்கா பஞ்சம்?

ஒன்று தெரிந்துகொள். நான் எழுதப் படிக்கத் தெரியாதவன். உனக்கு ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் இவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இவர் அதைக் காகிதத்தில் வைப்பார், பிறகு எனக்கே திருப்பி வாசித்துக் காட்டுவார். நீ ஒரு தடவை படித்து மடித்து வைக்கிறதை நான் மூன்று தடவை தாண்டி வர வேண்டும். அதனால் என் வாயைக் கிளறாதே.

ஆனாலும் நான் நின்ற நிலையைச் சொல்கிறேன், அதுவரைக்கும் சொல்லலாம்.

கடைசி அறை சின்னப் பிள்ளைகள் அறை. சுவரில் மஞ்சள் பூனைப் படம், வால் கிழிந்தது. அந்த டீச்சர் ஒரு பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். படத்தில் உன் அம்மா பேசிக்கொண்டிருந்தாள். "இந்த ஸ்கூல்ல நான் தொடைக்காத மூக்கு இல்ல" என்றாள். பிள்ளைகள் சிரித்தன. அப்போது மைதானத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு அலறல். ஒரே ஒரு குரலில்லை, கூட்டத்துக் குரல். எல்லாரும் சன்னலுக்கு ஓடினார்கள். நானும் வாசல் வரை போனேன். திரும்பிப் படத்தைப் பார்த்தேன். படத்தில் உன் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல, உக்காருங்க, ஆயாம்மா பேசிக்கிட்டுத்தான இருக்காங்க" என்று பிள்ளைகளை அதட்டினேன். எனக்குத் தாமதம் தெரியாதா? கைதட்டல் இரண்டு தடவை கேட்கிறதை நானே எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்த நேரத்தில் தோன்றவில்லை. காதில் விழுந்தது யாருக்கோ நடந்தது, கண்ணில் தெரிவதுதான் என் பெண்டாட்டி என்று நின்றுவிட்டேன்.

அப்புறம் அவள் தள்ளி வந்து என்னைப் பார்த்தாள். கேமராவை என்று நீ சொல்கிறாய். என்னைத்தான் பார்த்தாள். சொன்னாள். பூங்கொத்தைக் கீழே வைக்கக் குனிகிற மாதிரி ஒரு அசைவு. படம் அணைந்தது.

அவள் விழுந்ததை நான் பார்க்கவில்லை. நான் ஓடி வந்தபோது வெள்ளைத் துணி போர்த்தியிருந்தீர்கள். முகத்தைக் காட்டினீர்கள். பார்த்தேன். ஆனால் விழுந்ததைப் பார்க்கவில்லை. நான் பார்த்தவரைக்கும் அவள் நிற்கிறாள், குனிகிறாள். அரங்கத்தில் ஆள் இல்லாமல் ஆனபிறகும் படத்தில் ஆள் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதில் எங்கேயோ அவள் இன்னும் குனிந்துகொண்டிருக்கிறாள். தினமும் காலையில் நான் போய் நிற்கிறேன். பேசுகிறேன் என்கிறார்களே, அவள் சொன்னதற்குப் பதில்தான் சொல்கிறேன். வேறொன்றுமில்லை.

நீ உன் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினால் அந்த நேரம் போய்விடும். அப்புறம் நான் எங்கே போய் நிற்பது?

இதற்கு மேல் கேட்காதே. நூலக அம்மா பேனாவை வைத்துவிட்டு சன்னல் பக்கம் போய்விட்டார்.

அப்பா


மார்ச் 26

அப்பாவுக்கு,

"சொன்னாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்த வார்த்தைகள் வந்து சேர்ந்திருக்கின்றன. ஞாபகம் இல்லை என்றது பொய்.

ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள் என்று இப்போது புரிகிறது. உங்களை எழுப்பி அனுப்பினவள் நான். அந்தத் தாமதத்தை வைத்தவள் நான். அணைத்தவள் நான். அதற்குத் தண்டனையாக அம்மாவின் கடைசி வார்த்தையை நீங்கள் பூட்டி வைத்திருக்கிறீர்கள். எல்லாச் சாவியும் உங்களிடம்தானே?

ஒன்று கேட்கிறேன். அந்தத் தாமதத்தை நீட்டச் சொன்னது யார்? படம் ஒழுங்காக ஓட வேண்டுமென்றால் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்ட வேண்டும், தொட்டியில் தண்ணீர் நிரம்பிய பிறகு குழாயைத் திறக்கிற மாதிரி. தொட்டி பெரிதானால் திக்காது, ஆனால் நேரமாகும். நான் சின்னதாகத்தான் வைத்திருந்தேன். ஒத்திகையில் அம்மா முகத்தில் படம் நின்றுவிட்டது. கண் பாதி மூடி, வாய் திறந்து. நீங்கள்தான் கடைசி அறையிலிருந்து மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு வந்தீர்கள். "உங்கம்மா மூஞ்சியில படம் நிக்கக் கூடாது, பாக்கவே ஒரு மாதிரி இருக்கு, எவ்வளவு லேட்டானாலும் பரவால்ல, நிக்கக் கூடாது." நான் நீட்டினேன்.

எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன். கிழிக்கப் போவதில்லை.

டாக்டர் என்னிடம் சொன்னதை நீங்கள் கேட்க மறுத்தீர்கள், இப்போது கேளுங்கள். தரையில் விழுவதற்கு முன்பே முடிந்துவிட்டதாம். பக்கத்தில் நின்ற தலைமை ஆசிரியையாலேயே ஒன்றும் செய்ய முடியவில்லை. நீங்கள் எந்த அறையில் நின்றிருந்தாலும் இதேதான்.

விழாவுக்கு முன்னால் நானே வருகிறேன். சாவி கொடுக்காவிட்டால் பூட்டை உடைத்துக்கொள்ளத் தலைமை ஆசிரியை அனுமதி கொடுத்துவிட்டார்.

மகள்


ஏப்ரல் 6

மகளுக்கு,

பூட்டை உடைக்க வேண்டாம், நல்ல பூட்டு. சாவியை நூலக அம்மாவின் மேசை இழுப்பறையில் போட்டிருக்கிறேன்.

நீட்டச் சொன்னது நான்தான். நீ எழுதியது ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அன்றைக்கு ஒத்திகையில் நான் கத்தியபோது உன் அம்மா, "இந்த மனுஷனுக்கு நான் செத்தாலும் ஆடிக்கிட்டே இருக்கணும் போல" என்று சிரித்தாளே, அது உனக்கு ஞாபகம் இல்லை. நல்லது.

உன்னைத் தண்டிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாயா? பைத்தியக்காரி. நூலக அம்மா இந்த வார்த்தையை எழுத மாட்டேன் என்றார். எழுதுங்கள் என்றேன்.

சொல்கிறேன். நேற்று இவரை உட்கார வைத்து வாயைத் திறந்தேன், வரவில்லை. இன்றைக்கு அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு எழுதுகிறார். நான் அவர் முதுகிடம் சொல்கிறேன்.

உன் அம்மா சொன்னது: "ஏங்க, பார்த்தது போதும். இங்க வாங்க."

அவ்வளவுதான்.

குரலில் கலவரம் இல்லை. சாப்பாடு ஆறிப்போகிறது என்று கூப்பிடுவாளே, அந்த மாதிரி. நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு அடி எடுத்து வைத்தேன். படம் அணைந்தது. நான் அவசரப்படவில்லை. மின்சாரம் போய்விட்டது என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு, நிதானமாக, புதுச்சட்டை கசங்காமல் மைதானத்தில் நடந்தேன். அவள் கூப்பிட்டாள், போகிறேன். பாதி வழியில்தான் அந்த அலறல் திரும்ப மனசில் வந்தது. அது முன்னாலேயே வந்துவிட்டதே. அவள் கூப்பிட்டது அதற்கப்புறம் அல்லவா எனக்கு வந்தது. அப்படியென்றால் அவள் கூப்பிட்டபோது நான் எங்கே இருந்தேன்? மூக்குத் துடைத்த கதையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். இது புரிந்த பிறகுதான் ஓடினேன்.

தாமதம் இல்லாவிட்டால் அவள் கூப்பிட்டது அவள் நிற்கும்போதே எனக்குக் கேட்டிருக்கும். வந்து காப்பாற்றியிருப்பேன் என்று சொல்லவில்லை, டாக்டர் சொன்னது இருக்கட்டும். வாசலில் என் தலையாவது அவளுக்குத் தெரிந்திருக்கும். கூப்பிட்ட பிறகு வாசலைப் பார்த்திருப்பாள் அல்லவா? அதுதான்.

இதை உன்னிடம் சொன்னால், நீ வைத்த தாமதத்தைத்தானே கட்டிக்கொண்டு அழுவாய்? அதற்காகத்தான் ஞாபகம் இல்லை என்றேன். பூட்டி வைத்தது தண்டனைக்கு இல்லை.

தினமும் அங்கே நின்று நான் சொல்வது "வந்துட்டேன்" என்பது. அவள் நம்புகிற மாதிரி தெரியவில்லை.

அப்பா

(ஐயாவுக்குத் தெரியாமல் ஒரு வரி சேர்க்கிறேன். சீக்கிரம் வாம்மா. — நூலகம்)


ஏப்ரல் 14

அப்பாவுக்கு,

டிக்கெட் எடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் எனக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ முன்னால் வரும் என்று நினைக்கிறேன். வந்ததும் நேரில் இதைப் பற்றி என்னால் பேச முடியாது, உங்களாலும் முடியாது. நாம் பெட்டி, ஒயர், சாப்பாடு என்று எதையாவது பேசிக்கொண்டிருப்போம். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

பழைய பெட்டிகளைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டப் போகிறேன். இதுவரை ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாகப் படத்தை அனுப்பினேன், அத்தனையையும் தாங்காமல்தான் அது திக்கியது. இனிமேல் ஒரே ஓட்டமாகப் போகும், எல்லா அறையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். சேர்த்து வைக்கத் தேவையில்லை. அரங்கத்தில் உதடு அசைந்தால் கடைசி அறையில் அப்போதே கேட்கும். உங்கள் அந்தக் கொஞ்ச நேரம் போய்விடும் அப்பா. எனக்குத் தெரியும். இருந்தாலும் செய்யப் போகிறேன்.

எல்லாம் மாட்டி முடித்ததும் நீங்கள் கடைசி அறையில் நில்லுங்கள். நான் அதே சின்ன மைக்கைக் குத்திக்கொண்டு மேடையில் நிற்பேன். கூப்பிடுவேன். நீங்கள் வர வேண்டும். நான் நிற்கும்போதே வர வேண்டும்.

அன்றைக்குப் போட்ட சட்டையைப் போட வேண்டாம்.

மகள்


மே 9

மகளுக்கு,

நீ போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. நீ கிளம்பிப் போன பிறகு விழா நன்றாக நடந்தது. கடைசி அறையிலிருந்து அந்த வயிற்றுவலிப் பிள்ளைதான் முதல் கேள்வி கேட்டது. "சாவித் தாத்தாகிட்ட எத்தன சாவி இருக்கு?" மேடையில் இருந்த பெரிய மனிதருக்குப் பதில் தெரியவில்லை. அரங்கமும் அறைகளும் ஒன்றாகச் சிரித்தன. மைதானத்தில் நின்றேன், கைதட்டல் ஒரே தடவைதான் கேட்டது.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ இங்கே இருந்தபோதே கேட்டிருக்கலாம்.

நீ புதுப்பெட்டி மாட்டி முடித்த அன்றைக்கு நான் கடைசி அறையில் நின்றேன். பள்ளி விடுமுறை, நாற்காலிகள் கவிழ்த்துக் கிடந்தன. படத்தில் நீ வந்தாய். தலைமுடியில் தூசி, நெற்றியில் கரி. உன் அம்மா பார்த்திருந்தால் எலி என்றிருப்பாள். "அப்பா, பார்த்தது போதும். இங்க வாங்க" என்றாய். சன்னல் வழியாகவும் படத்திலும் ஒரே நேரத்தில் வந்தது. இடையில் ஒரு மூச்சு நுழைய இடமில்லை. நீ சொன்னது சரிதான்.

நான் கிளம்பினேன். வேகமாகத்தான் நடந்தேன். தண்ணீர்க் குழாய்கள் இருக்கிற இடத்துக்கு வந்திருப்பேன், பின்னாலிருந்து மறுபடி கேட்டது. "பார்த்தது போதும். இங்க வாங்க."

ஒரு செம்பு தண்ணீர் குடிக்கிற நேரம் கழித்து. பழைய கணக்குப்படி.

அப்படியே நின்றேன். சாத்தாமல் வந்த அறைக்கதவு எனக்குப் பின்னால். நீ எனக்கு முன்னால். மேடையை விட்டு இறங்கி அரங்கத்து வாசலுக்கே வந்துவிட்டாய், தோளில் ஒயர்ச் சுருளோடு. "என்னப்பா, நின்னுட்டீங்க?" என்றாய். "செருப்புல கல்லு" என்றேன். குனிந்து உதறினேன். குனியும்போது ஒன்று தோன்றியது. படத்தில் அவளும் இப்படித்தான் குனிந்தாள்.

எந்தப் பக்கம் போவது என்று ஒரு நொடி எனக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் கூப்பிடுகிறார்கள். அப்புறம் நீ கையை நீட்டினாய், நான் உன் பக்கம் வந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசி அறைக்கு இப்போதெல்லாம் பூட்டத்தான் போகிறேன். எதுவும் கேட்பதில்லை.

இதைத்தான் கேட்க நினைத்தேன். நீ எத்தனை தடவை கூப்பிட்டாய்? ஏதாவது ஒரு பெட்டியைப் பழையபடியே விட்டுவிட்டாயா? அப்படியென்றால் சொல்லிவிடு. எனக்கு வருத்தமில்லை.

அப்பா


மே 21

அப்பாவுக்கு,

ஒரு தடவைதான் கூப்பிட்டேன்.

ஒரு பெட்டியையும் பழையபடி விடவில்லை. பழைய பெட்டிகளை நானே கழற்றி, அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி, உங்கள் கட்டிலுக்கடியில் தள்ளினேன். நீங்கள் அறையை விட்டு வெளியே வருவது என் திரையில் தெரியாது, ஆனால் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அந்த நிமிடமே எல்லா அறைத் தொலைக்காட்சிகளையும் அணைத்துவிட்டு, மைக்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் இறங்கி வாசலுக்கு வந்தேன். அந்த அறையிலிருந்து சத்தம் வர வழியே இல்லை.

இன்னொன்று. நீங்கள் எழுதியதை மறுபடி பாருங்கள், அதாவது நூலக அம்மாவை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். நான் "அப்பா" என்று ஆரம்பித்தேன். இரண்டாவது தடவை கேட்டதில் அது இல்லை.

செருப்பில் கல் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். நீங்கள் நின்ற அதே நேரத்தில்தான் நானும் நின்றேன். உங்களிடம் கேட்கத் தைரியம் இல்லாமல்தான் கையை நீட்டினேன்.

இத்தனை நாளும் அம்மா சொன்னதை நீங்கள் சொல்லித்தான் தெரியும் என்று இருந்தேன். இப்போது அப்படி இல்லை அப்பா.

எனக்கும் கேட்டது.

மகள்